ஃபாண்டன்ட் நட்சத்திரம் ஏன் வியர்க்கிறது?

களியக்காவிளைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு 24 கப்கேக் செய்து, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை ஃபாண்டன்ட் போர்த்தி, அதில் சிவப்பு நட்சத்திரமும் பச்சை இலையும் வெட்டி ஒட்டி, முந்தின நாளே ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். கேரல் ரவுண்ட்ஸ் வந்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து மேசையில் அடுக்கியபோது, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் “எவ்வளவு அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். கால்மணி நேரத்தில் நட்சத்திரங்களெல்லாம் எண்ணெய் தடவினதுபோல் மின்னின. அப்புறம் முத்து முத்தாக நீர் கோத்தது. சிவப்புச் சாயம் கோடு கோடாக வெள்ளையில் இறங்கிவிட்டது. “அவ கண்ணு பட்டுட்டு” என்றாராம் மாமியார். உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கிறார் வாசகி.

ஃபாண்டன்ட் என்பது சீனியால் செய்த பிசைந்த மாவு, அவ்வளவுதான். ஐசிங் சுகரில் ஜெலட்டின், லிக்விட் குளுக்கோஸ், கொஞ்சம் கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்திபோல் தேய்க்க வரும். ஜெலட்டின் இழுவை தருகிறது. குளுக்கோஸ், சீனி மறுபடி மணல்மணலாகக் கட்டாமல் பார்த்துக்கொள்கிறது. குலோப் ஜாமுன் பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அதே காரணம்தான். கிளிசரின், மாவு காய்ந்து வெடிக்காமல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

அந்தக் கால்மணி நேரத்துக்கான விடை எளிது. காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை முழுதாக விடாத டிசம்பரில் நம் ஊரில் இது சாதாரணம். அந்தக் காற்றில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளை வைத்தாலும் அதன் மேல் பனிநீர் இறங்கும். ஃபிரிட்ஜிலிருந்து வந்த கப்கேக் ஐந்தாறு டிகிரியில் இருந்திருக்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்புக்கு வெளியே நீர் கோப்பதுபோலத்தான் இதுவும். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை.

ஆனால் சொம்பு சிறிது நேரத்தில் காய்ந்துவிடுகிறது. ஃபாண்டன்ட் காய்வதில்லை, மேலும் மேலும் நனைகிறது. ஏன்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உங்கள் அடுக்களைக்கே போவோம். மழைக்காலத்தில் உப்புப் பரணிக்குள் கையை விட்டால் கல்லுப்பு கசிந்து கிடக்கும். பக்கத்திலேயே இருக்கும் சீனி டப்பாவில் சீனி பெரும்பாலும் உதிரியாகவே இருக்கும். ஒரே அலமாரி, ஒரே காற்று. அப்படியானால் வேறுபாடு எங்கே வந்தது?

எந்தப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. அதிலிருந்து நீர் மூலக்கூறுகள் காற்றுக்குப் போகின்றன, காற்றிலிருந்து திரும்பி வருகின்றன. வெறும் தண்ணீர் என்றால், காற்றின் ஈரப்பதம் 100 சதவீதம் ஆகும்போதுதான் போக்கும் வரவும் சமமாகும். அந்தப் படலத்தில் சீனி கரைந்துவிட்டால் கதை மாறுகிறது. ஒரு சீனி மூலக்கூறில் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது நீரைப் பற்றிக்கொள்ள எட்டுக் கைகள். அவை பிடித்துக்கொள்வதால் வெளியே போகும் நீர் குறைகிறது. வரவு மட்டும் முன்போலவே இருக்கிறது. தெவிட்டக் கரைந்த சீனிக் கரைசலில் இரண்டும் சமமாவது சுமார் 85 சதவீதத்தில். காற்று அதற்குக் கீழே இருந்தால் சீனி உதிரியாக இருக்கும். மேலே போனால் வரவு மிஞ்சும். வந்த நீர் இன்னும் கொஞ்சம் சீனியைக் கரைக்கும். கரைந்த சீனி இன்னும் கொஞ்சம் நீரை இழுக்கும். கடைசிப் படிகம் கரையும்வரை இது நிற்காது.

உப்புக்கு அந்த எல்லை 75 சதவீதம். அதனால்தான் சீனிக்கு முன்னால் உப்பு கசிகிறது. கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு வெறும் 33 சதவீதம்! அது சிறிதளவு இருந்தாலே பரணி நனைந்துவிடும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குச் சுமார் 62. நம் மார்த்தாண்டம் தேனை ஒரு தட்டில் மெல்லியதாகத் தடவி வைத்துப் பாருங்கள், எத்தனை நாளானாலும் காயாது. தேனில் பெரும்பங்கு ஃபிரக்டோஸும் குளுக்கோஸும்தான்.

இதைவிட அழகான ஒன்று இருக்கிறது. இரண்டு பொருள்களைக் கலந்தால் எல்லை இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்கும் என்றுதானே நினைப்போம்? நிற்காது. இரண்டில் எது குறைவோ, அதற்கும் கீழே இறங்கிவிடும். சீனி இதற்குமேல் கரையாது என்ற நிலையிலும் அந்த நீரில் இன்னொரு பொருளுக்கு இடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கரையும்போது மொத்தக் கரைபொருள் கூடுகிறது, நீரைப் பிடிக்கும் கைகளும் கூடுகின்றன. தனித்தனியாகச் சும்மா கிடந்த பொடிகள் கலந்ததும் கசிவது இதனால்தான். இந்தப் பண்பை முதன்முதலாகப் படித்த அன்று நான் அடுக்களைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஃபாண்டன்டுக்கு வருவோம். சீனி தனியாக இருந்தால் 80 சதவீதக் காற்றைத் தாங்கியிருக்கும். நாமோ குளுக்கோஸையும் கிளிசரினையும் சேர்த்து அதன் எல்லையைக் கீழே இறக்கிவிட்டோம். ஃபிரிட்ஜ் பனிநீர் தொடக்கம் மட்டும்தான். அது மேற்பரப்பைக் கரைத்துப் பாகாக்கியது. அந்தப் பாகு காற்றிலிருந்தே நீர் குடிக்கத் தொடங்கியது. சாயமும் நீரில் கரைவது, ஆகவே கூடவே ஓடியது.

வலையில் கிடைக்கும் செய்முறைகள் பொய்யில்லை. அவை பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 30, 40 சதவீதம்தான். ஃபாண்டன்ட் காய்ந்து வெடிப்பது அவர்கள் கவலை. அதனால் கிளிசரினைத் தாராளமாக ஊற்றச் சொல்கிறார்கள். நாம் அதைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை நம் காற்றில் அளந்து, தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். கேரள எல்லை தாண்டிக் கொஞ்சதூரத்தில் இருக்கும் தும்பாவிலிருந்து 1963-இல் ராக்கெட் விட்ட நாடு இது. வீட்டில் கேக் செய்து பிழைக்கும் பெண்களுக்காக ஒரு ஈரமானியும் ஒரு சிறு ஆய்வுத் தொகையும் ஒதுக்குவது பெரிய காரியமா? மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களின் அறிவு களியக்காவிளை அடுக்களைவரை வர வேண்டும் என்பது என் ஆசை.

இனி செய்ய வேண்டியது. வெண்ணெய் ஐசிங் மேல் போர்த்திய ஃபாண்டன்ட் கப்கேக்கை ஓரிரு நாளைக்கு ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். உள்ளே பால் கிரீம் இருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எடுத்த பிறகு இரண்டு மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். வியர்ப்பதெல்லாம் டப்பாவின் வெளிப்புறமே வியர்த்துக்கொள்ளும். நட்சத்திரங்களை மூன்று நாள் முன்பே வெட்டி, பழைய குண்டு பல்பு எரியும் சின்ன அலமாரியில் காயவைக்கலாம். 28 டிகிரிக் காற்றை 33-க்குச் சூடாக்கினாலே 80 சதவீதம் ஏறக்குறைய 60-ஆகக் குறையும். அதற்கு மேல் சூடு வேண்டாம், ஜெலட்டின் இளகிவிடும்.

கடிதத்தின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கத்து வீட்டு அக்காவை மாமியார் வீட்டுக்குள் அழைப்பதில்லையாம். படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அழகாக இருக்கிறது என்று வாய் நிறையச் சொன்ன ஒருத்தர்மேல், காற்றில் இருந்த நீருக்கான பழியைப் போட்டிருக்கிறார்கள். வாசகியிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு கப்கேக்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, யாரும் பார்க்காமல் ஓர் அறையில் பூட்டி வையுங்கள். கால்மணி நேரம் கழித்து மாமியாரையே கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த அக்காவைக் கூப்பிட்டு, டப்பாவில் பத்திரமாக வைத்த இன்னொன்றைக் கொடுங்கள்.