கூழ் அண்டாவும் கெண்டைக்கால் தசையும்

ஆடிக் கூழ் வார்க்கும் நாள். வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு நானும் அக்கா மகனும் ஆளுக்கொரு காதைப் பிடித்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனோம். சொம்போடு வரிசையில் நின்ற ஆயா ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "பாலாத்துல காணாத தண்ணி எல்லாம் இங்கதான் கீதா?" என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் கை விட்டுப்போனது. கால்வாசிக் கூழ் தெருவில்.

(ஆறு உண்டு நீரில்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை என்று தன்னையே கிண்டலடிக்கும் ஊர் இது. கோயில் உண்டு சாமி இல்லை என்றும் ஒரு வரி இருந்தது. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்கோயிலுக்குத் திரும்பியதும் அது காலாவதியானது.)

ராத்திரி அவன் கேட்டான்: "இன்னா மாமா, சிரிச்சா ஏன் பலமே பூடுது?"

மூச்சு ஒரு காரணம். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவோம், நெஞ்சும் வயிறும் கெட்டியாகும். சிரிப்போ மூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளும். ஒரு 'ஹா'வுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய கால் விநாடி கூட இல்லை. சரி, அதனால் நெஞ்சு தளரும். கை கால் ஏன் தளர வேண்டும்?

எனக்குப் பிடித்த இடம் இதுதான். முழங்காலில் தட்டினால் கால் உதறுமே, அந்த அனிச்சைச் செயலுக்கு ஒரு மின்சாரத் தம்பி உண்டு. முழங்காலின் பின்பக்க நரம்பில் மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால், சேதி தண்டுவடம் வரை போய், அங்குள்ள இயக்க நரம்பணுக்களைத் தட்டி, கெண்டைக்கால் தசையைத் துடிக்க வைக்கும். மூளையின் அனுமதி தேவையில்லை. துடிப்பு பெரிதாக இருந்தால் அந்த நரம்பணுக்கள் தயாராக இருக்கின்றன என்று பொருள். 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆட்களைச் சிரிக்க வைத்து இதை அளந்தார்கள். சிரிக்கும்போது துடிப்பு சட்டென்று சுருங்கியது. அதாவது தசைக்குக் களைப்பே இல்லை. தசையை ஏவும் நரம்பணுதான் அந்த நேரம் அடங்கிக் கிடக்கிறது.

நார்கோலெப்சி என்ற தூக்க நோய் உள்ளவர்கள் சிலருக்கு இது எல்லை மீறும். நல்ல ஜோக் கேட்டால் முட்டி மடங்கி அப்படியே சரிவார்கள், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். விழிப்பைக் காக்கும் ஓரெக்சினைச் சுரக்கும் மூளை அணுக்கள் அவர்களிடம் அழிந்துபோயிருக்கும். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமல் உடலைக் கட்டிப்போடும் ஏற்பாடு, விழித்திருக்கும்போதே அவர்களிடம் நுழைந்துவிடுகிறது. சிரிப்புக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் இவர்களில் ஒருவரோடு மாடிப்படி ஏறிப் பார்க்கட்டும்.

கூழ் கொட்டியது அபசகுனம், பரிகாரம் செய்யணும் என்றார் தெருப் பெரியவர். பரிகாரச் செலவுக்கு இன்னும் பத்துக் கிலோ கேழ்வரகு வாங்கலாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் மாமனும் மருமகனும் சோதனையில் இறங்கினோம். அரிசி மூட்டையை இருபுறமும் பிடித்துத் தூக்கியபடி அவன் ஆயாவின் வசனத்தைத் திரும்பச் சொன்னான். மூட்டை அசையவே இல்லை. ஜோக் ஆறிப்போயிருந்தது.