கம்ப்யூட்டர் ஃபார்மட் பண்ணவானு கேட்டா கை வைக்காதீங்க

தைப்பூசத்துக்கு மறுநாள் காலைல இங்க சிங்கப்பூர் ஈசூன்ல இருந்து அக்கா போன் பண்ணுச்சு, குரலே சரியில்ல. அத்தான் காவடி எடுத்த படம் பூரா அக்கா மகன் கேமராவுலதான் இருக்கு, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல கிளம்புனதுல இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் விடாம எடுத்திருக்கான். கம்ப்யூட்டர்ல ஏத்தப் பார்த்தா முதல் கேபிள்ல ஒண்ணுமே தெரியல, வேற கேபிள் போட்டா பாதில நின்னுடுச்சு, சரின்னு கார்டைக் கழட்டி ரீடர்ல சொருகுனா இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணணும்னு ஒரு பெட்டி வந்து நிக்குது, ஓகே அமுக்கவானு கேக்குது. அமுக்காதக்கா, எதையும் தொடாதனு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

மூணு கோளாறு, மூணுக்கும் காரணம் வேற வேற. ஆனா மூணுலயும் கார்டுல இருந்த படத்துக்கு ஒண்ணும் ஆகல, அதுதான் நிறைய பேருக்குத் தெரியாம பதறிப்போய் தப்பான பட்டனை அமுக்கிடுறாங்க.

முதல்ல அந்த கேபிள். பழைய யூஎஸ்பி கேபிளுக்குள்ள நாலு கம்பி இருக்கணும், ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. பவர்பேங்க், சின்ன ஃபேன் இதுங்களோட வர்ற கேபிள் பலதுல டேட்டா கம்பியே இருக்காது, வெறும் சார்ஜுக்கு மட்டும். கேமரா ஒட்டியிருக்குனு கம்ப்யூட்டருக்குத் தெரியுறதே அந்த டேட்டா கம்பி வழியாத்தான், அதுக்கப்புறம்தான் நீ யாரு, எந்த வகைனு கேட்டு கேமரா பதில் சொல்லும். கம்பியே இல்லைன்னா பேச்சு எங்க இருந்து வரும்? ஸ்க்ரீன்ல ஒரு அசைவும் இருக்காது, நாம கேமரா போச்சுனு நினைச்சுக்குவோம். வெளிய பார்த்தா ரெண்டு கேபிளும் ஒரே மாதிரிதான், அதனால டேட்டா போற கேபிளுக்கு ஒரு துண்டு டேப் ஒட்டி வச்சுக்குங்க.

ரெண்டாவது கேபிள்ல பாதி வந்துச்சு இல்லையா, அங்க நடந்தது வேற. கேமராவ நேரா சொருகுனா பெரும்பாலும் பீடிபிங்குற முறைலதான் பேசும். பழைய மளிகைக்கடை மாதிரி, நாம உள்ள போக முடியாது, சீட்டைக் குடுத்தா கடைக்காரர் ஒவ்வொண்ணா எடுத்து வைப்பார். கம்ப்யூட்டர் இந்த நம்பர் படம் குடுனு கேக்கும், கேமரா கார்டுல இருந்து படிச்சுக் குடுக்கும், அதனாலதான் அது பென் டிரைவ் மாதிரி ஈ, எஃப்னு எழுத்தோட வராது. அப்ப கேமரா முழிச்சுக்கிட்டே இருக்கணும். விடியக்காலைல இருந்து எடுத்த பேட்டரி, பல கேமராவுல படம் போறப்ப சார்ஜும் ஏறாது, நடுவுல கேமரா அணைஞ்சா கடைக்காரர் பாதி எடுத்து வச்சுட்டு ஷட்டரை இறக்குன கதைதான்.

அப்படி அறுந்த கடைசிப் படத்தை அக்கா திறந்து காட்டுச்சு. மேல மயில் இறகு, அத்தான் முகம், நெத்தில விபூதி, எல்லாம் பளிச்சுனு இருக்கு. மார்புக்குக் கீழ சாம்பல் கலர், சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்ச மாதிரி. இது ஏன்னா, ஜேபெக்ங்குற சேமிப்பு முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி உள்ள குட்டிக் கட்டங்களாப் பிரிச்சு, மேல இருந்து கீழ, இடமிருந்து வலமா, வரிசையா எழுதி வச்சிருக்கும். ஃபைல் எஃப்எஃப் டி8ங்குற குறியீட்டுல ஆரம்பிச்சு எஃப்எஃப் டி9ங்குற குறியீட்டுல முடியணும். முடிவு வந்து சேரலைன்னா கம்ப்யூட்டர் வந்த வரைக்கும் வரைஞ்சுட்டு, மிச்சத்தை சாம்பல்ல நிரப்பி வச்சுடும். இந்தப் பாதிப் படம் கம்ப்யூட்டர்ல விழுந்த நகல், கார்டுல இருக்குற அசல் முழுசாத்தான் இருக்கும். அதனாலதான் படம் ஏத்தும்போது கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க, ஏறுனதைத் திறந்து பார்த்த பிறகு கார்டைக் காலி பண்ணுங்கனு கெஞ்சிக் கேக்குறேன்.

இப்ப அந்த ஃபார்மட் பெட்டி. அக்கா மகன் புதுசா 128 ஜிபி கார்டு வாங்கியிருக்கான், ரீடர் அலமாரில பத்து வருசத்துக்கு மேல கிடந்தது. எஸ்டி கார்டுல 2 ஜிபிக்கு மேல 32 ஜிபி வரைக்கும் எஸ்டிஹெச்சி, அதுக்கு மேல 2 டிபி வரைக்கும் எஸ்டிஎக்ஸ்சி, இந்த ரெண்டாவது வகை 2009ல அறிவிச்சது, எக்ஸ்ஃபேட்ங்குற வேற அடுக்குமுறைல எழுதும். பழைய ரீடருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் இந்த எழுத்து புரியாம போகலாம், புரியலைன்னு சொல்லத் தெரியாம கார்டு காலி, ஃபார்மட் பண்ணவானு கேக்கும். அதே கார்டைக் கேமராவுல திரும்பப் போட்டா படம் எல்லாம் தெரியுதுன்னா கார்டு நல்லா இருக்கு, ரீடரைத்தான் மாத்தணும்.

தெரியாம ஓகே அமுக்கிட்டாலும், கார்டைக் கழட்டி வச்சுடுங்க, ஒரு படம் கூட புதுசா எடுக்காதீங்க. க்விக் ஃபார்மட்னு சொல்ற சாதாரண ஃபார்மட்ல அழியுறது எந்தப் படம் எங்க இருக்குங்குற பட்டியல்தான், படம் அந்த இடத்துலயே கிடக்கும், மேல வேற எழுதுனாத்தான் போகும். ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அது பட்டியலையே பார்க்காம அந்த எஃப்எஃப் டி8 எங்க இருக்குனு கார்டு முழுக்கத் தேடி எடுத்துக் குடுக்கும்.

நிஜமாவே படம் தொலையுற இடம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் கவனிக்க மாட்டேங்குறாங்க. கேமரா படத்துக்கு வைக்கிற பேர்ல நம்பர் 0001ல இருந்து 9999 வரைக்கும்தான், அப்புறம் மறுபடியும் 0001. போன வருசப் படம் இருக்குற ஃபோல்டர்லயே இந்த வருசத்தைக் கொட்டுனா அதே பேர் வரும், ரீப்ளேஸ் பண்ணவானு கேக்கும், அவசரத்துல ஆமாம்னா பழைய படம் போச்சு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் தேதி போட்டு தனி ஃபோல்டர் வச்சுக்குங்க. கார்டு ஓரத்துல இருக்குற லாக்கையும் ஒரு தடவை பார்த்துக்குங்க, அது பூட்டியிருந்தா கார்டுல எழுத முடியாது. நம்ம ஊரு ஈரக் காத்துல கார்டோட தங்கக் கலர் பட்டைல அழுக்கு ஏறும், காஞ்ச மெல்லிசுத் துணியால லேசாத் துடைச்சாப் போதும்.

மத்தியானம் அக்கா மகன் புது ரீடர் வாங்கிட்டு வந்து சொருகுனான். வரிசையா எல்லாப் படமும் வந்துச்சு. அந்த சாம்பல் படத்தோட அசலைத் திறந்தான், கீழ்ப்பாதில எங்க அம்மா தார் ரோட்டுல குனிஞ்சு அத்தான் காலுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காங்க. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் இதை முதல்ல அம்மாவுக்கு அனுப்புடானு சொல்லுச்சு.