பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றாகிவிடுமா?

சரிபார்க்கச் சொல்லி இன்னொரு வம்சாவளி என் மேசைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் 1780களில் குடியேறிய விவசாயி ஒருவரை 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அங்கே வந்தவரோடு கோடு போட்டு இணைத்திருக்கிறார்கள். நடுவில் ஓர் அம்மா ஏழு வயதில் பிள்ளை பெற்றிருக்கிறார்! ஆதாரம் கேட்டால், "இணையத்தில் எல்லாரும் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள்" என்று பதில். அந்த எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவர்கள். அதற்குப் பெயர் சாட்சி இல்லை.

அந்தக் காலத்தில் ஒரே கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது சர்வ சாதாரணம். அண்ணன் தம்பி எல்லாரும் தங்கள் அப்பா பெயரையே பிள்ளைக்கு வைப்பார்கள். ஆவணத்தில் சீனியர், ஜூனியர் என்று கண்டதும் அப்பா, மகன் என்று எழுதிவிடுகிறீர்களே, அது தப்பு. அதே பெயரில் அந்த வட்டாரத்தில் வயதில் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர் சீனியர் ஆகிவிடுவார். இது தெரியாமல் இருவரையும் ஓராளாக்கி 110 வயது வரை வாழவைக்கிறார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

பிரிக்க வழி உண்டு, பொறுமைதான் வேண்டும். கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் இன்று இல்லை. இருந்திருந்தாலும் பெரிய பயனில்லை. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டில் உள்ளவர்கள் பெயர் (அடிமைகளைத் தவிர்த்து) 1850இல் வருகிறது. தலைவருக்கு என்ன உறவு என்பது 1880இல்தான். ஆகவே வரிப்பட்டியலை எடுங்கள். கிடைக்கிற ஆண்டு ஒன்றைக்கூட விடாதீர்கள். எத்தனை ஏக்கர், எந்த ஓடைக்கரை என்று அதில் இருக்கும். திடீரென ஒரு புதுப்பெயர் முளைத்தால், பையனுக்கு 21 வயது ஆகியிருக்கும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து வந்தவர்.

பிறகு கிரயப் பத்திரம். கணவர் நிலத்தை விற்றால், அவர் இறந்தால் அதில் தனக்கு வரவேண்டிய விதவைப் பங்கை மனைவி விட்டுக்கொடுக்க வேண்டும்; அதனால் பல பத்திரங்களில் அவர் பெயர் கிடைக்கும். 1791இல் ஜானும் மேரியும், 1793இல் ஜானும் எலிசபெத்தும், 1795இல் மறுபடி ஜானும் அதே மேரியும் விற்றிருந்தால் ஜான் இரண்டு பேர். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று மட்டும் வராதீர்கள். பத்திரப் புத்தகத்தில் இருப்பது குமாஸ்தா எழுதிய நகல். எல்லாக் கையெழுத்தும் அவருடையதே. எழுதத் தெரியாதவர் போட்ட குறியை அவர் வரைந்து வைத்திருந்தால் அது உதவும்.

தேடியும் ஆவணம் இல்லையா? கவுண்டி மாறியிருக்கும். 1776 முடியும் வரை கென்டக்கிப் பகுதி வர்ஜீனியா மாநிலத்தின் ஃபின்காசில் கவுண்டியில் இருந்தது. அடுத்து கென்டக்கி கவுண்டி. 1780இல் அது ஜெஃபர்சன், ஃபயெட், லிங்கன் என மூன்றானது. தனி மாநிலம் 1792இல். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே ஒருவர் மூன்று கவுண்டிக்காரர் ஆகியிருப்பார்.

உயிலில் பெயர் இல்லாத பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். பங்கை முன்பே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். 1752க்கு முன் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது, அதனால் பிப்ரவரி 1731/32 என்பது எழுத்துப்பிழை அல்ல; அவர்கள் கணக்கில் 1731, நம் கணக்கில் 1732. குடும்பப்பெயருக்கென்று விற்கிற மரபுச் சின்னத்தை (கேடயம் போட்ட படம்) வாங்காதீர்கள், அது ஆதாரம் ஆகாது. அச்சிட்ட புத்தகம் என்றும் மயங்க வேண்டாம்: குஸ்டாவ் ஆன்ஜோ என்பவர் பணக்காரர்களுக்குப் பொய் வம்சாவளி எழுதிக் கொடுத்தே பிழைத்தவர்.

தயவுசெய்து உங்களிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆவணம் வைத்துக்கொண்டு பின்னால் போங்கள். ஆவணம் நின்றால் நீங்களும் நில்லுங்கள். பெற்றோர் தெரியவில்லை என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்த மேஃப்ளவர் வம்சாவளியை இணையத்தில் ஏற்றிவிட்டீர்களா? இன்றைக்கே நீக்குங்கள். நாளைக்கு இன்னொருவர் அதைத்தான் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டு வருவார்.