கேஸ் தோம்பும் மஞ்சள் கயிறும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை. கழிவுக் குளத்து மீத்தேனைக் கொண்டுபோகப் புதுக் குழாய் போட்டிருந்தார்கள். வெல்டிங் சரியா என்று, காமாக் கதிர் வீசும் இரிடியம்-192 வைத்துப் படம் எடுப்பது என் வேலை. ராத்திரி பத்து மணிக்கு யாரும் கிட்டே வராமலிருக்கச் சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன் (எங்கள் தொழிலில் அது தாலியில்லை). வேலியோரம் கடை போட்டிருக்கும் அக்கா கேட்டார்: "தம்பி, உங்க கதிர் பட்டா என் கேஸ் தோம்பு வெடிச்சிடாதா?" (தோம்பு என்றால் சிலிண்டர்.)

"ஒன்னும் ஆகாதுக்கா" என்றேன். பதில் சரிதான், ஆனால் அரைகுறை. கதிருக்கும் வாயுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடுகிறதே!

மீத்தேனுக்குள் காமாக் கதிர் புகுந்தால் எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். எலக்ட்ரானைப் பறிகொடுத்த மீத்தேன் சும்மா இருக்காது, பக்கத்து மீத்தேனிடம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கார்பனுக்கு நாலு கைதான் என்று பள்ளியில் படித்தோம். இங்கே ஐந்து ஹைட்ரஜனோடு ஓர் அயனி! 1952இல் சோவியத் ஆய்வாளர்கள் தால்ரோஸும் லியூபிமோவாவும் கண்ட வினை இது. ஹைட்ரஜனை இழந்து மிஞ்சிய மெத்தில்கள் இரண்டு சேர்ந்தால் ஈத்தேன். ஹைட்ரஜன் வாயுவும் பிரியும். விடாமல் கதிர் பட்டால் சங்கிலி நீண்டு எண்ணெய்ப் பதத்துக்கே வந்துவிடும். சனியின் துணைக்கோள் டைட்டனைப் போர்த்தியிருக்கும் ஆரஞ்சு மூட்டமும் இந்த வகைதான்: மீத்தேன், நைட்ரஜன் மேல் சூரியனின் புற ஊதாக் கதிரும் வேகமான எலக்ட்ரான்களும் செய்த வேலை.

அவ்வளவு தூரம் போவானேன்? கதிரை 'டிக் டிக்' என்று எண்ணிக் காட்டும் பழைய கைகர் குழாய்களில் ஆல்கஹால் ஆவி அடைத்திருக்கும். ஒவ்வொரு 'டிக்'குக்கும் கொஞ்சம் உடைந்து, சில நூறு கோடி டிக்கில் குழாயே செத்துப்போகும். ஹாலோஜன் (குளோரின், புரோமின் மாதிரி) போட்ட குழாய்க்கு அந்தக் கஷ்டமில்லை, உடைந்தாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் தோம்பு? 1 கிரே (உள்ளே இறங்கும் கதிரை அளக்கும் அலகு) கதிர் முழுசாக இறங்கினாலும் கோடி மூலக்கூறுகளில் ஒன்றுகூட மாறாது. வெடிக்கக் காற்றும் வேண்டும், நெருப்பும் வேண்டும். அதே 1 கிரே ஒரு மனிதனின் உடம்பு முழுக்கப் பட்டால் வாந்தி வரலாம், ரத்த அணுக்கள் குறையும். 4, 5 கிரே என்றால், வைத்தியம் இல்லாவிட்டால் பாதிப்பேர் பிழைப்பதில்லை. கயிற்றுக்கு வெளியே வருவதோ மைக்ரோ கணக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு.

இதையெல்லாம் அன்றைக்கு அக்காவிடம் சொல்லவில்லை. வேலையைத் தொடங்குமுன் கடைசியாக ஒரு சுற்று வந்தேன். தோம்பை ரோட்டுக்கு அந்தப் பக்கம் உருட்டி வைத்திருந்தார். அவர் மட்டும் ஸ்டூலைத் தூக்கிவந்து, வேடிக்கை பார்க்கக் கயிற்றுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வெளியே போகும்வரை சோர்ஸை, அதாவது அந்த இரிடியத்தை, பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.