இமைக்குள் எண்ணெயாக மாறும் செல்கள்

கண்ணின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் வெளிப்புறத்தில், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கொண்ட எண்ணெய் அடுக்கு ஒன்று உள்ளது. அடியிலுள்ள நீர் விரைவில் ஆவியாகாமல் காப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. அதைச் சுரப்பவை மைபோமியன் சுரப்பிகள். 1666இல் அவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. மேலிமையில் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் இச்சுரப்பிகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன.

இவை எண்ணெய் சுரக்கும் முறை வியப்புக்குரியது. உமிழ்நீர்ச் சுரப்பியின் செல், தான் உருவாக்கியதை வெளியேற்றிவிட்டுத் தொடர்ந்து உயிர் வாழ்கிறது. மைபோமியன் சுரப்பியிலோ செல் முழுவதுமே எண்ணெயாகிவிடுகிறது. சுரப்பியின் ஓரத்தில் பிறக்கும் செல்கள் நடுப்பகுதியை நோக்கி நகரும்போதே கொழுப்புத் துளிகளால் நிரம்பி, உட்கரு சுருங்கி, இறுதியில் சிதைந்து நாளத்துக்குள் கலக்கின்றன. ஆகவே, ஓரத்தில் செல்கள் பிரிவதும் நடுவில் முதிர்ந்து மடிவதும் ஒன்றுக்கொன்று ஈடாக நடந்தால்தான் சுரப்பி நிலைக்கும். அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருப்பவை செல்லுக்குள் ஓடும் சமிக்ஞைகள்.

அவற்றுள் முதன்மையானது பிபார் காமா (PPARγ) என்னும் ஏற்பிப் புரதம்; அதாவது, குறிப்பிட்ட பொருள்கள் வந்து இணைந்ததும் செயல்படத் தொடங்கும் புரதம். உடலில் கொழுப்புச் செல்களை உருவாக்குவதும் இதே புரதந்தான். கொழுப்பு அமிலங்களும் அவற்றிலிருந்து பிறக்கும் சில பொருள்களும் இதனுடன் இணையும்போது, இது மற்றோர் ஏற்பியோடு சோடி சேர்ந்து டிஎன்ஏவில் அமர்ந்து, கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்களை இயக்குகிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனித மைபோமியன் செல்களுக்கு, பிபார் காமாவைத் தூண்டும் ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்தைக் கொடுத்தபோது, அவை முதிர்ந்து கொழுப்பைச் சேர்க்கத் தொடங்கின. வயது முதிர்ந்த எலிகளில் இந்த ஏற்பி உட்கருவில் இருக்கும் நிலை மாறுவதும், செல் பிரிவு குறைந்து சுரப்பி சிறுத்துப்போவதும் சேர்ந்தே காணப்படுகின்றன. முதுமையில் கண் வறட்சி ஏன் கூடுகிறது என்பதற்கு இது ஒரு முக்கியமான தடயம் என்றே நான் கருதுகிறேன்.

செல்லுக்கு வெளியிலிருந்தும் கட்டளைகள் வருகின்றன. ஆண்பால் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் கொழுப்புத் தயாரிப்பை ஊக்குவிக்கிறது. அந்த ஹார்மோனுக்குச் செல்கள் செவிசாய்க்காத பிறவிக் குறைபாடு உடையவர்களின் இமை எண்ணெயில் கொழுப்புகளின் கலவையே மாறியிருக்கிறது. செல்களின் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களான நார்முன்செல் வளர்ச்சிக் காரணிகளுக்கான (FGF) இரண்டாம் ஏற்பியின் மரபணுவை வளர்ந்த எலிகளில் நீக்கியபோது, சுரப்பிகள் சில வாரங்களிலேயே சுருங்கின. இதே வகை ஏற்பிகளைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளின் பக்கவிளைவுகளில் கண் வறட்சியும் ஒன்று. கடும் முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயினும் முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளோடு இவற்றையும் சுருக்கக்கூடும் என்பதை, அம்மருந்தை உட்கொள்வோர் அறிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் கெட்டியாகி நாளம் அடைபட்டிருந்தால், வெதுவெதுப்பான ஒத்தடம் அதை இளக்கி வெளியேற்ற உதவும். ஓரத்துச் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்ட சுரப்பிக்கோ இளக்குவதற்கு எண்ணெயே இராது. அகச்சிவப்பு ஒளியில் எடுக்கப்படும் இமைப் படத்தில் இந்த வேறுபாடு தெரியும்: எஞ்சியுள்ள சுரப்பிகள் வெண்கோடுகளாகத் தெரிய, அழிந்தவை இருந்த இடம் இருண்டிருக்கும்.