திரையில் நிறம் மாறுகிறதா? பைட் வரிசையைப் பாருங்கள்

வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது. சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருக்கின்றன. நீலம் வர வேண்டிய இடத்தில் கறுப்பு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். 32 பிட் பிக்சலின் பைட்டுகள் தலைகீழாகப் படிக்கப்படுகின்றன.

அந்தப் பிக்சலில் மேலிருந்து ஒரு வெற்று பைட், பிறகு சிவப்பு, பச்சை, நீலம். எக்ஸ்86 போன்ற லிட்டில் எண்டியன் (கடைசி பைட்டை முதலில் வைக்கும்) செயலி இதை நினைவகத்தில் எழுதும்போது, கடைசியில் இருக்கும் நீலம் முதல் முகவரிக்குப் போகும். பழைய பவர்பிசி மேக் போன்ற பிக் எண்டியன் கணினியில் வெற்று பைட்தான் முதலில். எழுதும் செயலி ஒரு முறையிலும் படிக்கும் கிராபிக்ஸ் சிப் மறு முறையிலும் இருந்தால், சிப் பச்சையைச் சிவப்பாகவும், சிவப்பைப் பச்சையாகவும், வெற்று பைட்டை நீலமாகவும் எடுத்துக்கொள்ளும். வெற்று பைட்டில் 0 இருந்தால் மேலே சொன்ன அறிகுறி. 255 இருந்தால் வெள்ளையும் நீலமும் சரியாகவே தெரியும், கறுப்பு நீலமாகும். ஒரே பிழைக்கு இரண்டு முகம். பச்சை அப்படியே இருக்க, சிவப்பும் நீலமும் மட்டும் மாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேனலின் நிற வரிசை அமைப்பை.

16 பிட் பிக்சலில் சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 பிட். இங்கே பைட்டுகள் மாறினால் நிறங்கள் வட்டமாகச் சுற்றும்: சிவப்பு நீலமாகும், நீலம் பச்சையாகும், பச்சை சிவப்பாகும். வெள்ளையும் கறுப்பும் மட்டும் தப்பிக்கும். ஆகவே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்து, திரையை இயக்கும் மென்பொருளான டிரைவர் சரி என்று முடிவுகட்டக் கூடாது. மூன்று நிறங்களையும் தனித்தனியாக முழுத்திரையில் நிரப்புங்கள். நடுத்தரச் சாம்பலையும் சேருங்கள். பிழை இருந்தால் அது கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும்.

டிரைவருக்குள் பைட்டுகளைத் திருப்பும் வேலை ஒரே இடத்தில் நடக்க வேண்டும். லினக்ஸில் பிசிஐ ரிஜிஸ்டர்களுக்கு (பிசிஐ இணைப்பில் உள்ள சிப்பின் கட்டுப்பாட்டு இடங்களுக்கு) எழுதும் வழக்கமான சார்புகள் தாமே லிட்டில் எண்டியனுக்கு மாற்றிவிடும். அதற்கு முன்பே மதிப்பை நீங்களும் மாற்றினால் இரண்டு முறை திரும்பி, பழையபடி ஆகும். எக்ஸ்86-இல் அந்த மாற்றம் எதையும் செய்வதில்லை என்பதால் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். டிஎம்ஏ வழியாக, அதாவது செயலியின் துணையின்றி நேரடியாக நினைவகத்திலிருந்து, சிப் படிக்கும் கட்டளை வரிசை இதற்கு நேர்மாறு. அது வெறும் நினைவகம். உங்களுக்காக யாரும் திருப்ப மாட்டார்கள், நீங்களே மாற்றித்தான் எழுத வேண்டும். அங்கே லிட்டில் எண்டியன் எனக் குறித்த தரவு வகையைப் பயன்படுத்தினால், நிரலைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவி தவறுகளைக் காட்டிக்கொடுக்கும்.

சில சிப்புகள் வன்பொருளிலேயே திருப்பித் தரும். திருப்பும் அகலம் பிக்சலின் அகலமாக இருக்க வேண்டும். 16 பிட் பிக்சல்களை 32 பிட்டாகத் திருப்பினால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களும் இடம் மாறும்; எழுத்தின் விளிம்புகள் பிய்ந்து தெரியும். கணினியையே மென்பொருளில் போலியாக இயக்கும் கியூஎமுவின் மெய்நிகர் விஜிஏ கிராபிக்ஸ் அட்டையில் இதற்கென ஒரு ரிஜிஸ்டர் உண்டு: நான்கு பைட்டிலும் 30 எழுதினால் லிட்டில் எண்டியன், நான்கிலும் 190 எழுதினால் பிக் எண்டியன். நான்கும் ஒன்றே என்பதால் எந்த வரிசையில் எழுதினாலும் சரியாகப் போய்ச் சேரும். அழகான வடிவமைப்பு.

முடிந்தால் எதையும் திருப்பாமல், பிக்சல் வடிவத்தின் பெயரை மாற்றுவதே மேல். லினக்ஸின் கிராபிக்ஸ் பகுதியான டிஆர்எம்-இல் எக்ஸ்ஆர்ஜிபி8888 (வெற்று, சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றுக்கும் 8 பிட்) என்பது எந்தக் கணினியிலும் லிட்டில் எண்டியன்தான். பிக் எண்டியன் செயலி எழுதியது நினைவகத்தில் பிஜிஆர்எக்ஸ்8888 ஆகக் கிடக்கும்; அந்தப் பெயரைச் சொல்லி, அதை ஏற்கும் சிப்பிடம் கொடுத்தால் போதும். 16 பிட்டில் இது நடக்காது. பச்சை இரண்டு பைட்டிலும் பிரிந்து கிடப்பதால் அதற்குப் பொருந்தும் வேறு பெயர் இல்லை. பெயரோடு பிக் எண்டியன் என்று குறிக்கும் கொடியைச் சேர்த்தாக வேண்டும்.

எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பில் இயங்கும் ஐஎல்ஐ9341 போன்ற சிறு திரைகள் மேல் பைட்டை முதலில் கேட்கும். எஸ்பிஐ கட்டுப்படுத்தியை 16 பிட் அலகாக அனுப்பச் செய்தால் சிக்கல் தீர்ந்தது. அது முடியாவிட்டால் 320×240 திரைக்கு 153,600 பைட்டுகளையும் தனி இடத்தில் நகலெடுத்துத் திருப்புங்கள். படம் வரையப்படும் மூல பஃபரிலேயே திருப்பினால், அடுத்த முறை புதிதாக வரையாத பகுதி மறுபடி திரும்பி நிறம் மாறும்.

மானிட்டர் தன்னைப் பற்றித் தரும் இடிஐடி தகவலிலோ இரண்டு வரிசையும் கலந்தே இருக்கும்: தயாரிப்பாளர் குறியீடு பிக் எண்டியன், அதை ஒட்டி வரும் மாடல் எண் லிட்டில் எண்டியன். பிக்சல்கள் அனுப்பப்படும் வேகமான பிக்சல் கடிகாரமும் லிட்டில் எண்டியன்தான், 10 கிலோஹெர்ட்ஸ் அலகில். 148.5 மெகாஹெர்ட்ஸ் என்பது 2, 58 என்ற இரு பைட்டுகள். தலைகீழாகப் படித்தால் 5.7 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். முதல் பைட்டுடன் இரண்டாவதை 256-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். எந்தச் செயலியிலும் 14850 வரும்.