கலிபோர்னியாவில் ரியல் எஸ்டேட் லைசென்ஸ்: தேர்வு விதிகளும் அதற்குத் தயாராகும் முறையும்

மனை வாங்கவும் விற்கவும் இடையில் நிற்பவரைப் புரோக்கர் என்று சொல்லிப் பழகியவர்களுக்குக் கலிபோர்னியாவின் சட்டச் சொற்கள் முதலில் குழப்பம் தரும். அங்கே புரோக்கர் என்பது மேல்நிலை லைசென்ஸ் வைத்திருப்பவர். தொழிலுக்குப் புதிதாக வருபவர் பெறுவது சேல்ஸ்பர்சன் லைசென்ஸ்; அவர் ஒரு புரோக்கரின் பொறுப்பின்கீழ் மட்டுமே வேலை செய்ய முடியும், கமிஷனும் அந்தப் புரோக்கர் வழியாகத்தான் அவர் கைக்கு வரும். லைசென்ஸ் இல்லாமல் பிறருக்காகப் பணம் பெற்றுக்கொண்டு வீடு விற்றுக் கொடுப்பவருக்கு 20,000 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தெரிந்த குடும்பத்துக்கு உதவினேன், அவர்களாகப் பார்த்து ஏதோ கொடுத்தார்கள் என்ற விளக்கத்தை நம்பி யாரும் இதில் இறங்கிவிடக் கூடாது.

சேல்ஸ்பர்சன் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ரியல் எஸ்டேட் அடிப்படைகள், ரியல் எஸ்டேட் நடைமுறை ஆகிய இரண்டு கட்டாயப் பாடங்களையும், லைசென்ஸ் வழங்கும் கலிபோர்னிய ரியல் எஸ்டேட் துறை வகுத்துள்ள பட்டியலிலிருந்து தாமே தேர்ந்தெடுக்கும் மூன்றாவது பாடத்தையும், பாடத்துக்கு 45 மணி நேரமாக மொத்தம் 135 மணி நேரம் படித்து முடித்திருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் லைசென்ஸ் வைத்திருப்பதைக் காட்டி இந்தத் தேர்விலிருந்து விலக்குப் பெற முடியாது. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. சமூகப் பாதுகாப்பு எண்ணோ தனிநபர் வரி எண்ணோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால், கணவர் அல்லது மனைவியின் விசாவைச் சார்ந்து அங்கே வாழ்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு, வேலை செய்ய அனுமதி கொடுப்பது மத்திய அரசு. முன்னது கையில் இருப்பதால் பின்னது தானாக வந்துவிடாது.

தேர்வில் 150 கொள்குறி வினாக்கள், நேரம் 3 மணி. 70 சதவீதம், அதாவது 105 வினாக்களுக்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. ஒரு வினாவுக்குச் சராசரியாக 72 நொடி கிடைக்கிறது. வினாக்கள் எந்தப் பகுதியிலிருந்து எத்தனை வரும் என்பதைத் துறையே அறிவித்திருக்கிறது. தயாரிப்பைத் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கணக்குதான். தொழில் நடைமுறையும், சொத்தைப் பற்றி வெளிப்படுத்த வேண்டிய தகவல்களும் சேர்ந்த பகுதிக்கு 25 சதவீதம், முகவரின் கடமைகளுக்கு 17, சொத்துரிமைக்கும் நிலப் பயன்பாட்டு விதிகளுக்கும் 15, மதிப்பீட்டுக்கும் நிதிக் கணக்குக்கும் 14, ஒப்பந்தங்களுக்கு 12, கடனுக்கு 9, உரிமை மாற்றத்துக்கு 8. பலர் வட்டிக் கணக்கைக் கண்டு பயந்து அதிலேயே வாரக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். முதல் இரண்டு பகுதிகளே 42 சதவீதம் என்பதைப் பார்த்தால், வீடு வாங்குபவரிடமும் விற்பவரிடமும் முகவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் அரசு முதன்மையாகச் சோதிக்கிறது என்பது புரியும்.

இந்தப் பகுதியில் மனப்பாடம் போதாது. ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்திருந்தால் வாங்க வருபவரிடம் அதைச் சொல்ல வேண்டுமா என்பதை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் தாம் தரும் விலையைச் சொல்லி வாங்க முன்வரும் நாளுக்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மரணம் நிகழ்ந்திருந்தால், முகவர் அதைத் தாமாகச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் வாங்குபவர் நேராகவே கேட்டுவிட்டால், எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் பொய் சொல்லக் கூடாது. 3 ஆண்டு என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், வினாவில் ‘வாங்குபவர் கேட்டார்’ என்ற ஒரு சொற்றொடர் சேர்ந்ததும் தவறான விடையைத் தொடுவார். வீட்டை முகவர் தம் கண்ணால் கவனமாகச் சுற்றிப் பார்த்து, தெரியும் குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்ற கடமையும் இப்படித்தான்: 1984-இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டுப் பின்னர் சட்டமாகவே எழுதப்பட்டது. அது ஏன் வந்தது என்பது புரிந்தால், வினாவை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை தெரியும்.

நம்மவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டியது, வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள். இந்தியர்கள் நிறைய வாழும் ஃப்ரீமான்ட் போன்ற ஊரில் வீடு தேடும் ஒரு குடும்பம் தமிழ் முகவரிடம், “அண்ணா, நம்ம ஊர்க்காரங்க நிறைய இருக்கிற ஏரியாவா பாத்துக் காட்டுங்க” என்று கேட்பது மிக இயல்பான பேச்சு. முகவர் அதை ஏற்று, மக்களின் இனத்தையோ பூர்வீகத்தையோ வைத்துப் பகுதிகளைத் தேர்ந்து காட்டினால், அது சட்டம் தடை செய்த வழிதிருப்பல் (ஆங்கிலத்தில் ஸ்டீயரிங்). கேட்டவர் வாடிக்கையாளரே என்பது முகவரைக் காப்பாற்றாது. எவ்வளவு பணம் போடலாம், எத்தனை அறை வேண்டும், அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு, அதற்குள் அடங்கும் எல்லா வீடுகளையும் காட்டுவதே சரியான முறை. 1968-இன் மத்தியச் சட்டத்தோடு, அதைவிட விரிவான கலிபோர்னியச் சட்டங்களும் இதில் கேட்கப்படும். தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடக் கூடாத பகுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்குப் பகுதிக்கு அஞ்ச வேண்டாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஓர் ஏக்கர் என்று ஊரில் மனை பார்த்தபோதே தெரிந்துகொண்டவருக்கு, தேர்வில் அடிக்கடி வரும் 43,560 சதுர அடி என்ற எண் பழைய உறவுதான். 640 ஏக்கர் ஒரு சதுர மைல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடகைச் சொத்தின் ஆண்டு நிகர வருமானம் 60,000 டாலர், எதிர்பார்க்கும் வருவாய் விகிதம் 5 சதவீதம் என்றால் சொத்தின் மதிப்பு 12,00,000 டாலர். இதை முன்னும் பின்னுமாகப் போட்டுப் பழகினாலே மதிப்பீட்டு வினாக்களில் பல தீர்ந்துவிடும்.

வினாக்கள் ஆங்கிலத்தில் வருவதால், ‘எது தவறு’, ‘எதைத் தவிர’ என்று எதிர்மறையாகக் கேட்பவற்றை அவசரத்தில் நேர்மறையாகப் படித்துவிடும் ஆபத்து அதிகம். மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதி, தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் விதி என்ன என்பதை ஒரு வரியில் தமிழில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். சட்டத் தொகுப்பையும் கையேட்டையும் துறை தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ‘அசல் வினாத்தாள்’ என்று யாராவது விற்றால் வாங்கக் கூடாது. தேர்வில் ஏமாற்றியவரை 3 ஆண்டு வரை தேர்வெழுத விடாமல் தடுக்கத் துறையின் தலைவரான ஆணையருக்கு அதிகாரம் இருக்கிறது.

தேர்ச்சி பெற்றவருக்கு மதிப்பெண் சொல்லப்படுவதில்லை. தவறியவருக்கு மட்டும் பகுதிவாரியாக எத்தனை சதவீதம் என்ற விவரம் கிடைக்கும். அடுத்த முறை எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டிவிடுகிறது. விண்ணப்பம் செல்லுபடியாகும் 2 ஆண்டுகளுக்குள், ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்தி மீண்டும் எழுதலாம். தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும், விரல்ரேகைச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். லைசென்ஸின் காலம் 4 ஆண்டு. அதைப் புதுப்பிக்க 45 மணி நேரத் தொடர்கல்வி தேவை.